தோஹாவில் கீபோர்டு, கட்டுமாவடியில் பாட்டு

கலைமதியின் லேப்டாப் அரசாங்கம் கொடுத்தது. கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். கூடப் படித்தவர்களில் பலர் அதை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டார்கள். சிலர் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். கலைமதி யாரையும் தொட விடவில்லை. புதுக்கோட்டையில் பி.சி.ஏ. படித்து முடித்தது அதில்தான். கல்யாணமாகி வல்லத்திராக்கோட்டைக்கு வந்தபோது பீரோ, கட்டிலோடு அதுவும் வேனில் வந்து இறங்கியது.

கணவன் திருப்பதி மைக்செட் வைத்திருப்பவன். கல்யாணமோ காதுகுத்தோ கட்சிக் கூட்டமோ, கூம்பு ஸ்பீக்கரையும் பாக்ஸையும் தன் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். கலைமதி ஆலங்குடியில், சான்றிதழ்களுக்கு விண்ணப்பம் போட்டுத் தருகிற ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு வேலைக்குப் போய்வந்தாள். அவனுடைய வேலை அவளுக்குத் தெரியாது, அவளுடைய வேலை அவனுக்குத் தெரியாது. காலையில் ஆளுக்கொரு பக்கம் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் சந்திப்பு.

கொரோனா வந்த வருடம் கூம்புகள் எல்லாம் கொல்லையில் கவிழ்ந்து கிடந்தன. அடுத்த வருடம் ஊர்த் திருவிழாவைக் கூட்டமில்லாமல் நடத்திக்கொள்ளலாம் என்று ஆனது. கடைகள் இல்லை, ராட்டினம் இல்லை. வருடாவருடம் நடக்கிற பாட்டுக் கச்சேரியை மட்டும் விட ஊருக்கு மனசில்லை. பாடுகிறவர்களை மட்டும் மேடையில் ஏற்றுவோம், துபாயிலும் குவைத்திலும் இருக்கிற நம் பிள்ளைகள் போனில் பார்க்கட்டும் என்று முடிவு செய்தார்கள்.

"ஒங்க வீட்ல லேப்டாப்பு இருக்குல்ல திருப்பதி?" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். அப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் தடவை மானம் போய்விட்டது. மேடைக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் லேப்டாப்பை வைத்து, அதிலிருந்த கேமராவையும் மைக்கையும் நம்பி நேரலையைத் தொடங்கினாள் கலைமதி. ஸ்பீக்கர் சத்தம் மோதி மோதி லேப்டாப்புக்குள் போனது. திரையின் ஓரத்தில் ஊர்க்காரர்கள் எழுத ஆரம்பித்தார்கள். 'படம் தெரியுது, பாட்டு எங்க?' என்றார் ஒருவர். 'தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டுற மாதிரி இருக்கு' என்றார் இன்னொருவர். பாதிக் கச்சேரிக்குள் பார்க்கிறவர்கள் கழன்றுகொண்டார்கள். வீட்டுக்கு வந்தவள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

காலையில் எழுந்ததும் திருப்பதியிடம் கேட்டாள்.

"ஏங்க, மைக்குல பாடுறது எல்லாம் ஒங்க மிக்ஸருக்குத்தான வருது? அங்கருந்து ஒரு ஒயரப் போட்டு நேரா லேப்டாப்புக்குள்ள விட்டா என்ன?"

"விடலாம். காத்துல வார சத்தத்தப் புடிக்கிறதவிட அது சுத்தமா இருக்கும். ஒன் லேப்டாப்பு தாங்குமா?"

தாங்கவில்லை. மிக்ஸரிலிருந்து வந்த சத்தம் லேப்டாப்பின் சின்ன ஓட்டைக்குள் நுழைந்ததும் கரகரவென்று உடைந்தது. பிறகு புதுக்கோட்டைக்குப் போய், விரல் நீளத்தில் ஒரு சவுண்ட் கார்டு வாங்கி வந்தார்கள். அதை யு.எஸ்.பி.யில் சொருகி, மிக்ஸரில் அளவைக் குறைத்து வைத்ததும் சத்தம் தெளிந்தது. கேமராவுக்குத் திருப்பதியின் பழைய போன். லேப்டாப்பின் பேட்டரி செத்து வெகுகாலம் ஆகியிருந்ததால், வேன் பேட்டரியில் ஒரு இன்வெர்ட்டரை மாட்டி அதிலிருந்து மின்சாரம். லேப்டாப் சூடேறி மூச்சுத் திணறினால் விசிறிவிட ஒரு டேபிள் ஃபேன். சிக்னல் கிடைக்காத இடத்தில், நெட் கொடுக்கிற போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மூங்கில் கழியின் உச்சியில் கட்டி, டியூப்லைட் கம்பத்தோடு சேர்த்து நிறுத்திவிடுவான் திருப்பதி. பார்க்கிறவர்கள் காற்றாடி விட்டிருக்கிறார்கள் என்று நினைப்பார்கள்.

அதற்கு மேல் புதிதாக எதுவும் வாங்க வழியில்லாததால் கலைமதி ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். நெட் குறைந்தால் படத்தின் தரத்தை இறக்கிவிடுவாள், சத்தத்தில் கை வைக்க மாட்டாள். "படம் மங்கலாத் தெரிஞ்சா மனுசன் பொறுத்துக்குவான். சத்தம் விட்டு விட்டு வந்தா அணைச்சுட்டுப் போயிருவான்" என்பாள். அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. சுற்றுவட்டாரத் திருவிழாக்களை, வளைகாப்புப் பாட்டுகளை, ஒருமுறை ஒரு பள்ளி ஆண்டுவிழாவை அவள் நேரலையில் விட்டாள். வெளிநாட்டிலிருந்து பார்க்கிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள்.

அவர்களில் ஒருவன் தோஹாவில் எலெக்ட்ரீஷியனாக இருந்த சந்தோஷ்குமார்.

சந்தோஷுக்குக் கட்டுமாவடிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். அங்கே மாதா கோயில் பாடகர் குழுவுக்குச் சின்ன வயதிலிருந்து கீபோர்டு வாசித்தவன் அவன். கத்தாருக்குப் போன பிறகு, வேலை முடிந்து கட்டிலில் உட்கார்ந்து தனக்குத் தெரிந்த மட்டில் ஒரு பாட்டுப் போட்டான். கடலுக்குப் போன படகு திரும்பும்வரை கரையில் நிற்கிற பெண்கள் மாதாவிடம் பேசுவதுபோல ஒரு பாட்டு. துண்டு துண்டாகப் பாடி வாட்ஸ்அப்பில் தன் சித்தி இன்னாசியம்மாளுக்கு அனுப்பினான். மீன் வியாபாரம் செய்கிற இன்னாசியம்மாள்தான் பாடகர் குழுவின் தலைவி. ஊர்த் திருவிழாவுக்கு லீவில் வந்து தானே வாசிப்பதாக சந்தோஷ் சொல்லியிருந்தான். குழு அந்தப் பாட்டை மாதக்கணக்கில் பழகியிருந்தது. திருவிழா நெருங்கிய சமயத்தில் அவனுடைய லீவு ரத்தாகிவிட்டது. ஆள் குறைவு, விட முடியாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

இன்னாசியம்மாள் கலைமதியை போனில் கூப்பிட்டார்.

"சந்தோசு ஒங்க நம்பரக் குடுத்தான்த்தா. எங்க திருவிழாவ லைவ்ல விடணும். அது ஒண்ணு. இன்னொண்ணு, அவன் அங்கருந்தே வாசிக்க முடியுமாங்குறான். முடியுமா?"

கலைமதிக்குத் தெரியவில்லை. "வாரேங்க்கா, வந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

முதலில் சாதாரண வீடியோ காலில் முயன்றார்கள். கோயிலை ஒட்டிய ஹாலில் குழு நின்றது. தோஹாவில் தன் அறையில் சந்தோஷ் வாசித்தான். அவன் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தால் அது பாதியிலேயே கரைந்து காணாமல் போனது. பேச்சுக்காகச் செய்த ஆப் என்பதால், நீண்டு ஒலிக்கிற எதையும் ஃபேன் இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடுகிறது என்று கலைமதி தேடிப் பிடித்தாள். அந்தத் துடைக்கிற வேலையை நிறுத்துகிற வசதியுள்ள மீட்டிங் ஆப் ஒன்றில் அவனை வரச் சொன்னாள். இப்போது கீபோர்டு பக்கத்து அறையில் வாசிப்பதுபோல் கேட்டது. எல்லாரும் கை தட்டினார்கள்.

பாட ஆரம்பித்ததும் வேறு சிக்கல் வந்தது. அவனுடைய வாசிப்பு இங்கே வந்து சேரச் சற்று நேரம் ஆகும். இவர்கள் பாடியது அங்கே போய்ச் சேர இன்னும் சற்று நேரம். இவர்கள் பின்தங்குகிறார்கள் என்று நினைத்து அவன் வேகத்தைக் குறைத்தான். அவன் குறைக்கிறானே என்று இவர்களும் குறைத்தார்கள். அவன் இன்னும் குறைத்தான். இரண்டாவது சரணம் போவதற்குள் பாட்டு ஊர்ந்து ஊர்ந்து, கடைசியில் நின்றே போனது.

"என்னங்கடா இது, துக்க வீட்டுல கூட இதவிட வெரசாப் பாடுவாங்க" என்றான் தபேலா வாசிக்கிற செந்தமிழன். எல்லாரும் சிரித்தார்கள். போனுக்குள் சந்தோஷ் மட்டும் சிரிக்கவில்லை. "வேண்டாம் சித்தி. வேற ஆளப் பாத்துக்கங்க" என்றான்.

வேனில் வீட்டுக்குத் திரும்பினார்கள். வழியில் டீக்கடையில் நிறுத்தியபோது திருப்பதிதான் ஆரம்பித்தான்.

"எங்க தொழில்லயும் இது உண்டு. ஊரு நெடுக கூம்பு கட்டுனா கடைசிக் கூம்புல இருந்து சத்தம் லேட்டாத்தான் மேடைக்கு வரும். பாடுறவங்க அதக் கேட்டா தாளம் போயிரும். அதான் கிட்ட இருக்க பாக்ஸ மட்டும் கேளுங்கன்னு சொல்லிருவேன்."

கலைமதி டீயைக் கீழே வைத்தாள். "அப்ப சந்தோசு நம்மளக் கேக்கவே கூடாதுங்க."

அன்றைக்கே அவனை அழைத்துச் சொன்னாள். "தம்பி, ஒன் காதுல டக்கு டக்குன்னு தாளம் மட்டும் ஓடட்டும். எங்க சத்தத்த நீ அணைச்சிரு. நீ பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே போ, இங்க அவங்க ஒன்னப் புடிச்சுக்கிட்டுப் பாடுவாங்க. ரெண்டும் சேந்து எங்க மிக்ஸர்ல ஒண்ணாகி லைவ்ல போயிரும்."

"அவங்க பாடுறாங்களா இல்லையான்னே எனக்குத் தெரியாதேக்கா?"

"தெரியாது."

"தப்பாப் பாடுனா?"

அதே அழைப்பில் சேர்ந்திருந்த இன்னாசியம்மாள் குறுக்கிட்டார். "நாங்க எப்படா தப்பாப் பாடியிருக்கோம்? நீ வாசிடா."

அடுத்த ஒத்திகையில் பாட்டு முழுசாக ஓடியது. யாரும் இல்லாத அறையில், எதையும் கேட்காமல், ஒருவன் கடல் தாண்டி வாசித்தான். இங்கே அத்தனை பேரும் அவன் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

திருவிழா அன்று மாலைத் திருப்பலி முடிந்து, சூரியன் இறங்கத் தொடங்கிய வேளையில் நிகழ்ச்சி ஆரம்பமானது. மேடை கடலைப் பார்த்து இருந்தது. மணலில் ஊரே உட்கார்ந்திருந்தது. பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். மேடையின் ஓரத்தில் ஒரு மேஜை. அதன் மேல் மிக்ஸர், பள்ளிக்கூட லேப்டாப், டேபிள் ஃபேன். சந்தோஷின் வாசிப்பு வருகிற போனிலிருந்து ஒரு ஒயர் மிக்ஸருக்குப் போனது. அந்த மேஜைக்குப் பின்னால் கலைமதி, ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு. மறுகாது மேடைக்கு.

கீபோர்டு ஆள் இல்லாமல் நாற்காலி மட்டும் கிடந்ததைப் பார்த்துச் சிலர் முணுமுணுத்தார்கள். இன்னாசியம்மாள் மைக்கைப் பிடித்தார். "எங்க சந்தோசு இப்ப தோஹாவுல இருந்து வாசிக்கிறான். கேளுங்க" என்று மட்டும் சொன்னார்.

வாசிப்பு வந்தது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அப்படியே அடங்கியது. குழு பாட்டை எடுத்தது. பல்லவி தாளம் தவறாமல் வந்தது. முதல் சரணம் அதைவிட நன்றாக வந்தது. லேப்டாப் திரையில் சார்ஜாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இதயக் குறிகள் ஏறிக்கொண்டிருந்தன.

இரண்டாவது சரணத்தின் முதல் வரியில் கீபோர்டு நின்றது.

போன் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. லேப்டாப் நன்றாக ஓடியது, நேரலையும் போய்க்கொண்டிருந்தது. தோஹாவிலிருந்து வருகிற இழை மட்டும் அறுந்துவிட்டது. இன்னாசியம்மாள் பாடிக்கொண்டே திரும்பிக் கலைமதியைப் பார்த்தார். கலைமதி செய்வதற்கு ஒன்றும் இல்லை. பாடுங்கள் என்று கையைக் காட்டினாள்.

செந்தமிழன் தபேலாவை விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, உதட்டால் எண்ணிக்கொண்டு அடித்தான். சுருதி பிடிக்க எதுவும் இல்லாமல் அந்தப் பெண்களும் ஆண்களும் வெறும் குரலில் பாடினார்கள். குரல்களுக்குப் பின்னால் அலைச் சத்தம் கேட்டது. மணலில் இருந்தவர்கள் இது பாட்டின் ஒரு பகுதி என்றே நினைத்திருக்கிறார்கள். ஒருவரும் அசையவில்லை.

கலைமதி ஒரு காரியம் செய்தாள். மிக்ஸரில் சந்தோஷின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பொத்தானை முழுசாகக் கீழே இறக்கினாள். இழை திரும்பி வந்தால், அவன் பாட்டின் வேறெந்த இடத்திலோ இருப்பான். திடீரென்று மேடையில் அது விழுந்தால் பாட்டு குலைந்துவிடும். பாதியில் வந்தாலும் இனி அவனைச் சேர்க்க வேண்டாம், குழு தனியாகவே முடிக்கட்டும் என்று தீர்மானித்துவிட்டாள்.

வட்டம் நின்றது. பொத்தான் இறங்கியிருந்தாலும் ஹெட்போனுக்குச் சத்தம் வரும். அதில் கீபோர்டு கேட்டது. ஸ்பீக்கரில் இல்லை, அவளுடைய வலது காதில் மட்டும்.

இடது காதில் இன்னாசியம்மாளும் மற்றவர்களும் ஒரு வரியின் நடுவில் இருந்தார்கள். வலது காதில் சந்தோஷ் வாசித்தான். அதே வரி. அதே சொல்.

தப்பாகக் கேட்கிறோமோ என்று ஹெட்போனை எடுத்தாள், மறுபடி வைத்தாள். அதே வரிதான். அறுந்தது அவனுக்குத் தெரியவே தெரியாது. காதில் ஓடிய தாளத்தோடு அவன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போயிருக்கிறான். இங்கே இவர்கள் அவன் இல்லை என்று தெரிந்தும் அதே நடையில் போயிருக்கிறார்கள். நடுவில் எதுவும் இல்லை. ஒயர் இல்லை, சிக்னல் இல்லை. இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் கேட்காமல் கூடவே நடந்திருக்கிறார்கள்.

ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தது. இவர்கள் கொஞ்சம் முன்னால் இருந்தார்கள். கலைமதி பொத்தானை மெல்ல மெல்ல ஏற்றினாள். செந்தமிழனின் பக்கத்தில் இருந்த பாக்ஸில் கீபோர்டு கசிந்ததும் அவன் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. ஒரு அடியைக் கொஞ்சம் தாமதித்துப் போட்டான். அவ்வளவுதான். இரண்டும் ஒன்றோடொன்று போய்ச் சேர்ந்துகொண்டன. அடுத்த வரிக்குக் கீபோர்டு முழு சத்தத்தில் குரல்களுக்கு அடியில் வந்து நின்றபோது, இன்னாசியம்மாள் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். பாடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஆம்ப்ளிஃபையர் பக்கம் நின்ற திருப்பதி ஓடி வந்தான்.

"என்ன பண்ணுன? எப்புடிச் சேத்த?"

"நான் சேக்கலங்க" என்றாள் கலைமதி. "அதுவே சேந்துருச்சு."

பாட்டு முடிந்ததும் கைதட்டல் கடற்கரை முழுவதும் பரவியது. தோஹாவில் சந்தோஷுக்கு அது எதுவும் தெரியாது. அவன் கடைசிச் சுரத்தை வாசித்துவிட்டுத் தன் அறையில் உட்கார்ந்திருந்தான். கலைமதி தன் போனில் அவனை அழைத்தாள்.

"முடிஞ்சுச்சாக்கா? பாடுனாங்களா?"

"பாடுனாங்க தம்பி. நீ போயி லைவ்வ முதல்ல இருந்து பாரு. ரெண்டாவது சரணத்தக் கவனமாக் கேளு."

அவன் பார்த்தான். தன் வாசிப்பு அறுந்து போவதையும், தான் இல்லாமல் அவர்கள் போய்க்கொண்டே இருப்பதையும், தான் திரும்பி வந்து அவர்களுக்குள் இறங்குவதையும் கேட்டான். மறுபடி அழைத்தான். போனை இன்னாசியம்மாளிடம் கொடுத்தாள் கலைமதி.

"என்னடா அழுவுற?"

"நின்னு போச்சுன்னு எனக்குத் தெரியவே இல்ல சித்தி. நான் ஒங்ககூடத்தான் வாசிச்சுக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன்."

"எங்ககூடத்தான்டா வாசிச்ச" என்றார் இன்னாசியம்மாள்.

அதற்குப் பிறகு கலைமதிக்கு நிறைய அழைப்புகள் வந்தன. மலேசியாவில் இருக்கிற அண்ணன், இங்கே தங்கையின் வளைகாப்பில் பாட வேண்டும் என்றார்கள். சென்னையில் இருக்கிற புல்லாங்குழல்காரர் இங்கே நடக்கும் கச்சேரிக்கு வாசிக்க வேண்டும் என்றார்கள். சிலவற்றைச் செய்தாள். நன்றாகவே வந்தன. ஒருமுறை இழை அறுந்து, திரும்பி வந்தபோது வாசித்தவரும் பாடியவர்களும் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் சென்டர் வேலையை அவள் விடவில்லை. வார இறுதிகளில் இருவரும் ஒரே வேனில் போகிறார்கள்.

இதை எழுதுவதற்காக நான் அவளை ஆலங்குடி கம்ப்யூட்டர் சென்டரில் சந்தித்தபோது அந்தத் திருவிழா வீடியோவைக் காட்டச் சொன்னேன். காட்டினாள். கீபோர்டு நின்றது, வெறும் குரல்கள் போயின, பிறகு கீபோர்டு மெதுவாக வந்து சேர்ந்தது. நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் மட்டும் திரையைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா வந்துருக்குங்க. ஆனா நான் கேட்டது இதுல இல்ல" என்றாள். "நான் பொத்தான எறக்கி வச்சிருந்தேன்ல, அப்ப லைவ்ல போனது வெறும் கொரல்தான். அங்கிட்டு அவன், இங்கிட்டு இவங்க, ரெண்டு பேருக்கும் தெரியாம ஒரே வரியில இருந்தாங்களே, அது எந்த ரெக்கார்டுலயும் ஏறல. அந்த நேரம் அதக் கேட்டது நான் ஒருத்திதான்."

சொல்லிவிட்டு வலது காதை ஒருமுறை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். வாசலில் சான்றிதழுக்கு வந்த ஆள் கூப்பிட்டார். எழுந்து போனாள்.